வராத பிள்ளைக்கு ஒரு சேர்க்கை எண்

தூத்துக்குடிக்கு வந்து ஆறு வருஷம் ஆகப் போகிறது. கப்பல் கரைக்கு வராத துறைமுகம் ஒன்று உலகத்தில் இருக்க முடியும் என்பது இன்னும் எனக்குப் பழகவில்லை. கரையோரம் கடல் ஆழமில்லையாம். அதனால் கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கின்றன. இங்கிருந்து தோணிகள் உப்பு மூட்டையையும் பருத்திப் பொதியையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகின்றன. அந்தத் தோணித் துறையில் மூட்டை எண்ணுவதுதான் இப்போது என் பிழைப்பு. ரங்கூனில் நாங்கள் இருந்த மரவீட்டின் சன்னலைத் திறந்தால் கப்பலின் புகைபோக்கி மூஞ்சிக்கு நேரே நிற்கும். இங்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாலும் கறுப்பாக ஏதோ ஒன்று தெரியும், அவ்வளவுதான். இதைப்பற்றி ஒருநாள் தோணித் தண்டலிடம் அலுத்துக்கொண்டேன். தோணியை ஓட்டிப் போகிற தலைவனைத் தண்டல் என்பார்கள். அவர் சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"ரங்கூன்."

"அது பொழைக்கப் போன ஊரு. சொந்த ஊரு எதுன்னு கேக்கேன்."

"ரங்கூன்தான். அங்கேதான் பிறந்தேன்."

"வெளையாடாதீய அண்ணாச்சி. ரங்கூன்ல போயி யாராவது பொறப்பாவளா?"

இந்த ஊரில் எல்லோருக்கும் இதே எண்ணந்தான். பர்மாவிலிருந்து ஓடிவந்தவன் என்று தெரிந்ததும், "எப்படியோ ஊருக்குத் திரும்பி வந்துட்டீய, இனி என்ன கவலை" என்கிறார்கள். நான் எங்கே திரும்பினேன்? என் அப்பாதான் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். என் மனைவி லட்சுமியும் அந்தப் பக்கத்துக்காரி; எனக்குக் கழுத்தை நீட்டிவிட்டு ரங்கூனுக்கு வந்தவள். ஆகவே அவள் திரும்பி வந்தாள், நான் புதிதாக வந்தேன். இரண்டு பேரும் ஒரே ரயிலிலிருந்து இறங்கினோம் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. போதாக்குறைக்குச் சண்டைக் காலத்தில் பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் கடை வாசலில் ஊரே காத்துக் கிடந்தபோது, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒருத்தி, "பர்மாக்காரரே, ஒங்க ஊரு அரிசியை எப்பத்தான் அனுப்புவீய?" என்று சத்தமாகக் கேட்டாள். நான் வேண்டுமென்றே மடியில் கட்டி வைத்திருப்பது போல! ரங்கூன் அரிசி மில்லில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன், அரைப்படி புழுத்த அரிசிக்கு வரிசையில் நின்று இதையும் கேட்டுக்கொண்டேன்.

இப்போது சண்டையும் முடிந்து, இரண்டு தேசத்துக்கும் சுதந்திரமும் வந்தாயிற்று. ரங்கூனுக்குத் திரும்பிப் போய்விட்ட நண்பர்களே, நீங்கள் எழுதுகிறீர்கள். மில் ஓடுகிறதாம், பழைய ஆட்களைத் தேடுகிறார்களாம், என் நாற்காலி காலியாகவே இருக்கிறதாம். 'இன்னும் அங்கே என்ன செய்கிறீர், மூட்டை முடிச்சோடு கிளம்பி வாரும்' என்று நாலைந்து கடிதம் வந்துவிட்டது. தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். வீட்டிலேயே வைத்துப் படிப்பித்த பிள்ளைகளை நான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட கதை இது. கிளம்ப முடியாத காரணமும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

முதலில் மில் கதை. நான் அங்கே டைம்கீப்பர். காலையில் சங்கு ஊதியதும் வாசலில் நின்று பேர் கூப்பிடுவது என் வேலை. கூலியாட்கள் "ஹாஜர்" என்று குரல் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு எண் அடித்த பித்தளை வில்லையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். யாராவது காய்ச்சலில் படுத்துவிட்டால், அவனுடைய தம்பியோ மச்சானோ அவன் பேருக்கும் சேர்த்து "ஹாஜர்" சொல்லுவான். இரண்டு பேர் வேலையை ஒருவனே இழுத்துப்போட்டுச் செய்வான். நான் கண்டும் காணாமலும் இருந்துவிடுவேன். ஏனென்றால் மூன்று நாள் குரல் வரவில்லையானால் பேரை அடித்துவிட வேண்டும் என்பது மில்லின் சட்டம். பேரை அடித்த மறு நிமிஷம் அவனுடைய வில்லை, வாசலில் காத்துக்கொண்டிருக்கும் வேறொருவன் கழுத்தில் ஏறிவிடும். அதற்குப் பிறகு அப்படி ஒரு ஆள் இருந்தான் என்பதற்கே அடையாளம் இருக்காது. எத்தனையோ பேரை அப்படி அடித்திருக்கிறேன். அந்தக் கைக்கு அப்போது ஒன்றும் தோன்றியதில்லை.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் மரகதம். அவளுக்கு ஐந்து வயது இளையவன் சுந்தரம். கடைசி தங்கம். தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம் என்று சாக்குச் சொல்லி மரகதத்துக்கு நானே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். உண்மையில் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க ஒருவன் இருக்கிறான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. மில் வழக்கத்தில் பாடம் தொடங்கும் முன் வேடிக்கையாகப் பேர் கூப்பிடுவேன். பால்குடி மறக்காத தங்கத்தின் பேரையும் கூப்பிடுவேன். மரகதம் அவளை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கும் சேர்த்து "ஹாஜர்" சொல்லுவாள். அப்புறம் ரங்கூனில் குண்டு விழுந்தது. மாந்தளே வரைக்கும் ரயில், பிறகு படகு, பிறகு நடை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு மலையேறுகிற கூட்டத்தில், தினமும் விடியற்காலையில் கிளம்பும்போது நான் பேர் கூப்பிட்டேன். அது விளையாட்டல்ல. மூன்று குரலும் கேட்டால்தான் முதல் அடி எடுத்து வைப்பேன்.

ஒரு மூங்கில் கொட்டகை முகாமில் மரகதத்துக்கு வாந்திபேதி கண்டது. அப்போது அவளுக்கு வயது பதினொன்று. நோய் கண்டவர்கள் அங்கேயே இருக்கவேண்டும், மறுநாள் லாரியில் கொண்டுவந்து சேர்ப்போம், நடக்க முடிந்தவர்கள் இன்றே கிளம்பவேண்டும் என்று முகாம்காரர்கள் சொன்னார்கள். லட்சுமிக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். தங்கம் என் தோளில். சுந்தரம் என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இந்த ஆறு வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது. அன்றைக்குச் செய்தது இதுதான்: கிளம்பும்போது வழக்கம்போல் பேர் கூப்பிட்டேன். ஈச்சம்பாயில் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமல் "ஹாஜர்" என்றாள். "நாளைக்கு லாரியில் வந்துடுவே அம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மறுநாள் காலை அடுத்த முகாமில், பழக்க தோஷத்தில் "மரகதம்" என்று கூப்பிட்டுவிட்டேன். பிறகு ஆறு வயசு சுந்தரம் சின்னக் குரலில் "ஹாஜர்" என்றான். ஆள் வர நேரமானால் தம்பிதானே சொல்லவேண்டும், சரியாகத்தான் சொல்கிறான் என்று தேற்றிக்கொண்டேன். மத்தியானம் லாரி வந்தது. அவள் அதில் இல்லை. லாரிக்காரன் பேசிய பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. அவளுடைய துணி மூட்டையை என் கையில் வைத்துவிட்டு, பின்னால் மலையைக் காட்டி, உள்ளங்கையை ஒருதரம் கவிழ்த்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊமைக்குக்கூடத் தெரியும். நான் பிள்ளைகளிடம் வந்து, "அக்கா அடுத்த லாரியில் வருகிறாளாம், பாரம் வேண்டாம் என்று மூட்டையை முதலில் அனுப்பியிருக்கிறாள்" என்றேன். இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் முகாம்காரர்கள் எங்களைக் கிளப்பிவிட்டார்கள்.

தூத்துக்குடிக்கு வந்தபிறகும் பேர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம், வந்தபின் ஒரு மணி நேரம் பாடம். பாயை விரித்து, மூன்று பேருக்கு இடம் விட்டுத்தான் பிள்ளைகள் உட்காருவார்கள். நான் மூன்று பேர் கூப்பிடுவேன்; நடு இடத்துக்கும் சேர்த்துச் சுந்தரம் "ஹாஜர்" சொல்லுவான். அந்த நேரத்தில் லட்சுமி அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள். என் பாடமோ முழுக்க முழுக்கப் பர்மா. ஐராவதி எங்கே பிறந்து எங்கே கலக்கிறது, ரங்கூனிலிருந்து மாந்தளே வரை எத்தனை ஸ்டேஷன், இத்தனை கூடை நெல்லுக்கு எத்தனை மூட்டை அரிசி. சன்னலுக்கு வெளியே உப்புக் குவியல் வெயிலில் கண்ணைப் பறிக்கும்; உள்ளே என் பிள்ளைகள் ஆறு மாசம் விடாமல் கொட்டும் மழையைப்பற்றிக் கட்டுரை எழுதுவார்கள். தெருவில் இறங்கி விளையாட விடமாட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பயம் வேறு. அவர்கள் வெளியே போய்விட்டால் மரகதம் தனியாகிவிடுவாள் என்று எனக்குள் ஒன்று நம்பியது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

ஒருநாள் அடுத்த வீட்டுச் சிறுமி அலறிக்கொண்டு ஓடினாள். தங்கம் அவளோடு தாயம் ஆட உட்கார்ந்து, "இது மரகதக்கா காய், இப்பம் அவதான் போடணும்" என்று காலி இடத்துக்குக் காயை நீட்டியிருக்கிறாள். அன்றைக்கு லட்சுமி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. இந்தப் பயலுக்குப் பத்து வயசாகப் போவுது, ஒரு பிள்ளைகூட நின்னு பேசியிருக்கானா? இவ செவரோட பேசுதா. பள்ளிக்கூடத்துல சேப்பீயளா மாட்டீயளா?"

"என்னைவிட நல்லாச் சொல்லிக்கொடுத்துவிடுவார்களா?"

"நீங்க சொல்லிக் குடுக்கீயளா? காவலுல்லா இருக்கீய! ரெண்டையும் காவல் வச்சுகிட்டு இருக்கீய."

ஜூன் மாதம் பிறந்ததும் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிட்டு, அவளே வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து விட்டாள். சண்டை முடிகிற வருஷம் அது.

பள்ளிக்கூடம் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான். பேரைச் சொல்லப் போவதில்லை. ஹெட்மாஸ்டர் கடற்கரைக்காரர், அந்தோணி சார் என்பார்கள். ஐந்தாம் வகுப்பும் அவரே எடுத்தார். அவர் சாதாரணமாகப் பேசினாலே, நடுக்கடலில் நிற்கிற தோணிக்குக் குரல் கொடுப்பது போலிருக்கும். சுந்தரத்தை முன்னால் நிறுத்தினார்.

"ஏலே, தாமிரவருணி எங்கல உற்பத்தியாகுது?"

"தாமிரவருணி தெரியாது சார். ஐராவதி தெரியும்."

"அது எந்த ஊருல இருக்கு?"

"எங்க ஊர்ல சார்."

"ஒங்க ஊரு எதுல?"

பையன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு மனக்கணக்கு நாலைந்து போட்டுப் பார்த்தார். இவன் ஒவ்வொன்றுக்கும் அவர் வாயை மூடுமுன் பதில் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. "கணக்குல புலியால்லா இருக்கான்! அஞ்சாங் கிளாஸ்ல போட்டுருவோம்" என்று பெரிய பதிவேடு ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டார். "அண்ணாச்சிக்கு எத்தன பிள்ளைய?"

"மூன்று" என்றேன்.

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. கேட்டார், வாய் சொல்லிவிட்டது. "மூணாவது எங்க?" என்றார். மூத்தவள், மேலுக்குச் சரியில்லை, அடுத்த வாரம் வருவாள் என்றேன். பேர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார். பதினொன்று என்றேன். அவள் இருந்தால் பதினாலு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பாயில் படுத்திருந்தவளுக்குப் பதினொன்றுதான். அதற்கு மேல் ஒரு வயதும் எனக்குத் தெரியாது. முதல் வரியில் மரகதம் ஐந்தாம் வகுப்பு, அடுத்த வரியில் சுந்தரம் ஐந்தாம் வகுப்பு, மூன்றாவது வரியில் தங்கம் மூன்றாம் வகுப்பு என்று எழுதி மையொற்றினார். தங்கம் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். சுந்தரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வரும் வழியில் நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. லட்சுமியிடம் நாங்கள் மூன்று பேருமே சொல்லவில்லை.

நீங்கள் சிரிப்பீர்கள். வாத்தியார் சிரிப்பார், தண்டல் சிரிப்பார். ஆனால் மில் வாசலில் பதினெட்டு வருஷம் நின்றவனுக்குத்தான் தெரியும், பேர் ஏறியிருக்கிற வரைக்கும் ஆளுக்கு ஒரு இடம் உண்டு. அடுத்த பத்து நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். தோணித் துறையில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போதே, இப்போது வகுப்பு தொடங்கியிருக்கும், மூன்று பேரும் உள்ளே இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்குப் புத்தி பேதலித்திருந்தது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை.

இரண்டாவது சனிக்கிழமை லட்சுமி பையனுக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தாள். கையை நீட்டச் சொன்னால் நீட்டமாட்டேன் என்கிறான். பிடித்து இழுத்து விரித்தாள். இரண்டு உள்ளங்கையும் வீங்கி, வரிவரியாகத் தோல் கன்றிப் போயிருந்தது. யார் அடித்தது, என்ன தப்புச் செய்தாய் என்று அவள் கேட்கக் கேட்க, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தங்கம்தான் அழுதுகொண்டே உடைத்துவிட்டாள்.

"மரகதக்கா பேரக் கூப்பிட்டா அண்ணந்தான் எந்திரிச்சு ஹாஜர்னு சொல்லுதான். எல்லாரும் சிரிக்காவ, எங்க கிளாசு வரைக்கும் கேக்கும். ஏலே, பொட்டப்பிள்ள பேருக்கு நீ ஏம்ல எந்திரிக்கன்னு சார் அடிக்காரு. தெனமும் சொல்லுதான், தெனமும் அடிக்காரு."

லட்சுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே தரையில் வைத்தாள்.

"அங்கயும் போயி அவ பேரக் குடுத்தீயளா?"

நான் கன்றிப் போன அந்தக் கையையே பார்த்தேன்.

"ஒருத்திய மலையில விட்டுட்டு வந்தோம். நான் ஒரு நாளாவது ஒங்களக் குத்தம் சொல்லியிருக்கேனா? சொல்ல மாட்டேன். காய்ச்சல்ல கெடந்த என்னய இழுத்துட்டு வரத்தான அவள விட்டீய, அது எனக்குத் தெரியாதா? ஆனா இருக்குற ரெண்டையும் அவ பின்னால அனுப்பாதீய. ஒங்க காலத் தொட்டுக் கேக்கேன், அனுப்பாதீய."

மூன்று வருஷத்தில் அவள் அதைப்பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் ஹெட்மாஸ்டர் எழுந்தே வந்துவிட்டார். "வாங்க அண்ணாச்சி, நானே ஆள் அனுப்பணும்னு இருந்தேன். கணக்குல இவ்வளவு கெட்டிக்காரப் பய, ஆனா என்ன திமிரு! எவ்வளவு அடிச்சாலும் ஏன்னு வாயத் தொறக்க மாட்டேங்கான். அது கெடக்கட்டும், மூத்த பிள்ள எப்ப வருது? மேலுக்குச் சொகமாயிட்டா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைதான். ஒரே ஒரு வார்த்தை. அது என் வாயிலிருந்து வரவில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. தொண்டையைச் செருமினேன். மறுபடியும் முயன்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் பக்கத்தில் நின்ற சுந்தரம், பாடம் ஒப்பிப்பது போல நேராக நின்றுகொண்டு சொன்னான்.

"எங்க அக்கா செத்துப் போயிட்டா சார். பர்மாவுலருந்து வரும்போது மலையில."

ஹெட்மாஸ்டர் குனிந்து அவன் உயரத்துக்கு வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். அந்தத் தொண்டைக்கு அவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றுதான் பார்த்தேன். "இத ஏம்ல அன்னைக்கே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பேர அடிச்சிருவீங்க சார். எங்க அப்பா தாங்க மாட்டாங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பினான். "லாரிக்காரன் கையக் கவுத்தப்பவே எனக்குத் தெரியும்ப்பா. தங்கத்துக்கும் நான் அப்பவே சொல்லிட்டேன். நீங்க தெனமும் கூப்பிட்டீங்கல்ல, அதான் சொன்னேன்."

அந்த நிமிஷத்தில் நான் எங்கே நின்றேன் என்று எனக்கு நினைவில்லை. பிள்ளைகளுக்காக அவளை உயிரோடு வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வயசுப் பையன், அப்பன் உடைந்துவிடக்கூடாது என்று மூன்று வருஷமாகச் செத்தவளுக்குக் குரல் கொடுத்திருக்கிறான். அதற்காகப் பத்து நாள் அடியும் வாங்கியிருக்கிறான். நான் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதேன். வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் அவர்களை விரட்டினார். சுந்தரத்தின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாதாவே, என்ன காரியம் செஞ்சேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவனைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த அடி என் கையால் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

வருகைப் பதிவேட்டை எடுத்து மரகதத்தின் பேர்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். பேனா நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு பெரிய பதிவேட்டைத் திறந்து, கடைசிக் கட்டத்தில் 'இறப்பு' என்று எழுதிவிட்டு, "எந்த ஊர்ல அண்ணாச்சி?" என்றார். மலை என்றேன். மலைக்குப் பேர் கேட்டார். தெரியாது என்றேன். அவர் ஒன்றும் எழுதாமல் அந்த இடத்தை விட்டுவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் லட்சுமியிடம், "பேரை அடித்தாயிற்று" என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு அதை எடுத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். ஒப்பாரி வைத்து, மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். தெருவே திரண்டுவிட்டது. "யாரு, என்ன சேதி வந்துச்சு" என்று கேட்டவர்களிடம், மூத்த மகள் மலையில் இறந்துபோனாள் என்று நான் சொன்னேன். இந்தத் தடவை சத்தம் வந்தது. எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் உள்ளே போய் லட்சுமியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் வெளியே வரிசையாக உட்கார்ந்து என் கையைத் தொட்டுத் தொட்டுத் துஷ்டி கேட்டார்கள். ரேஷன் கடையில் அரிசி எப்போது வரும் என்று என்னைக் கேட்ட அந்த அம்மாள் ஒரு செம்பு காப்பியோடு வந்தாள். தண்டலும் வந்தார். "ரங்கூன்ல பொறந்த பிள்ளையா அண்ணாச்சி?" என்றார். ஆமாம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வருஷம் பிந்தி, முகம் பார்த்திராத ஒரு பிள்ளைக்காக இந்த ஊர் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பேர் கூப்பிடுவதில்லை. காலை வேளை வெகுநாள் வரைக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் பாயில் நடுவில் இடம் விடாமல் நெருக்கி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பார்க்காமல் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். சுந்தரம் ஒரு மாசத்துக்குள் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து "என்னல, வால" என்று கத்த ஆரம்பித்தான். தாமிரபரணி எங்கே பிறக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொடுத்தான். தங்கம் சுவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். லட்சுமி சொன்னதுதான் சரி, நான் செய்தது தப்பு. இதை அவளிடம் நேரில் சொல்ல வாய் வராததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த வருஷம் தங்கமும் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். சான்றிதழ் வாங்கப் போனேன். அந்தோணி சார் பெரிய பதிவேட்டை எடுத்து, அவள் வரிக்கு எதிரே 'வேறு பள்ளிக்குச் சென்றார்' என்று எழுதினார். சுந்தரத்தின் வரியில் இரண்டு வருஷத்துக்கு முன்பே அப்படி எழுதியிருந்தது. அவற்றுக்கு மேலே மரகதம், சேர்க்கை எண் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. பழைய புத்தி போகுமா? "சார், இந்த எண்ணை இப்போது எந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டது முதலில் விளங்கவில்லை.

"யாருக்குக் குடுக்க? அன்னைக்கு நான் கோடு போட்டது தெனமும் கூப்பிடுற பதிவேட்டுல. இது சேர்க்கைப் பதிவேடுல்லா! இதுல ஒரு பேரு ஏறிட்டா ஏறினதுதான் அண்ணாச்சி. நான் போனாலும், வேற ஹெட்மாஸ்டர் வந்தாலும், பள்ளிக்கூடம் இருக்குற வரைக்கும் அந்த நம்பரு அந்தப் பிள்ளையோடதுதான். இன்னொருத்தருக்குப் போகாது."

நண்பர்களே, ரங்கூனுக்கு வா என்கிறீர்கள். மழையும் ஆறும் மில்லின் உமி வாசனையும் தினமும் என் கனவில் வருகின்றன; இல்லை என்று சொல்லவில்லை. பேர் தெரியாத அந்த மலையும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் சுந்தரமும் தங்கமும் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் பிள்ளைகளில் மரகதம் ஒருத்திதான் இப்போது அங்கே இருக்கிறாள். அவளை ஒரு தடவை விட்டுவிட்டுக் கிளம்பினவன் நான். இன்னொரு தடவை என்னால் முடியாது.